சல்லடையைக் கழற்றி வைத்தவர்

துணி காயவைக்கும் டிரையர் மூன்றாவது தடவையாக ஓடி நின்றது. பழைய மெக்கானிக்கான வீட்டுக்காரர் அதன் கதவைத் திறந்து ஒரு துண்டை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். சூடு இருந்தது, ஈரமும் இருந்தது. வெளியே விடாத மழை. நாற்காலி முதுகு, கதவு விளிம்பு, மாடிப்படிக் கைப்பிடி என்று வீடு முழுக்க அவருடைய சட்டைகள்தான் தொங்கின. முகம் சுளிக்கக்கூட வீட்டில் ஆள் இல்லை.

ஓய்வு பெறும்வரை அவர் லிஃப்ட் பழுது பார்த்தவர். இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களை எல்லாம் பத்திரமாக வெளியே எடுத்த கை அது. அந்தக் கையால் ஒரு துண்டைக் காயவைக்க முடியவில்லை என்று வெளியே தெரிந்தால் மானம் போகாதா? அதனால் பழுது பார்க்க ஆள் யாரையும் கூப்பிடவில்லை. மனைவியிடம் மட்டும் சொன்னார்.

அவள் மகள் வீட்டில் இருந்தாள். பேத்தி பிறந்தபோது, "மூணு மாசம்தாங்க, ஓடியே போயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனவள். பேத்தி இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். தினமும் போன் வரும். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், மாத்திரை போட்டீங்களா, போட்டேன். அதற்குள் அந்தப் பக்கம் எதையாவது உருட்டிவிட்டுக் குழந்தை அழும். "இருங்க, அப்புறம் பேசறேன்" என்பாள். அந்த அப்புறம் மறுநாள்தான் வரும்.

டிரையர் மக்கர் பண்ணத் தொடங்கிய பிறகுதான் பேச்சு கொஞ்சம் நீண்டது. போன வாரம், "நீங்க அங்க ஈரச் சட்டையோட திண்டாடறப்ப எனக்கு இங்க இருப்புக் கொள்ளல. மாசக் கடைசில வந்துடறேன்" என்றாள். மனுஷருக்கு அன்று தலைகால் புரியவில்லை. சமையலறை ஜன்னலைத் துடைத்தார். அவள் தலையணைக்குப் புது உறை போட்டார்.

இன்று துண்டில் லேசாகக் கருகல் வாடை அடித்தது. போன் போட்டார்.

"கருகற வாடையா? முதல்ல பிளக்கைப் பிடுங்குங்க!"

பிடுங்கினார்.

"சல்லடையைச் சுத்தம் பண்றீங்கல்ல?"

"எந்தச் சல்லடை?"

"கதவைத் திறந்தா கீழ இருக்குமே, பஞ்சு பிடிக்கற சல்லடை."

"ஓ, அதுவா? அதை நீ போன கொஞ்ச நாள்லயே கழட்டி அலமாரி மேல வெச்சுட்டேனே."

"கழட்டியே வெச்சுட்டீங்களா!"

"கம்பளி மாதிரி அடைச்சுக்கிட்டு அதுதான் காத்தை மறிச்சுது. எடுத்தேன், மெஷின் ஜம்முனு ஓடுச்சு" என்றார். தொழில் தெரிந்தவரின் பெருமை குரலில் இன்னும் மிச்சம் இருந்தது.

"ஓடும், ஏன் ஓடாது? அத்தனை பஞ்சும் நேரா, சூட்டுக் காத்து வெளிய போற பின்னாடி குழாய்க்குள்ள போய் உக்காந்திருக்கும். ஒவ்வொரு தடவை துணி எடுத்ததும் அந்தப் பஞ்சை வழிச்சுப் போடணுங்க."

"ஒவ்வொரு தடவையுமா? நீ அப்படிப் பண்ணி நான் பாத்ததே இல்லையே!"

"நீங்க எதைப் பாத்தீங்க?" என்று சிரித்தாள். குத்திக்காட்டவில்லை, அவள் சிரிப்பே அப்படித்தான். இருந்தாலும் அவருக்குச் சுருக்கென்றது.

வீடியோவைப் போட்டு, போனைச் சோப்புத்தூள் டப்பா மேல் சாய்த்து வைத்தார். டிரையரை முன்னால் இழுத்து, பின்னாலிருந்த குழாயின் வளையத்தைத் திருப்புளியால் தளர்த்தினார். குழாயைக் கழற்றியதும் சாம்பல் நிறப் பஞ்சு மொத்தை மொத்தையாகக் கொட்டியது.

"அடேங்கப்பா! ஒரு மெத்தையே தைக்கலாம் போல இருக்கே" என்றாள் திரையில் அவள்.

"சிரிக்காதே. அடுத்து என்ன?"

"பிரஷை ஒரு குச்சில கட்டி, சுவர் வழியா வெளிய போற குழாய்க்குள்ள விடுங்க. மெல்ல, மெல்ல! பெரிய மெக்கானிக்கு, பொறுமைதான் கிடையாது."

நல்லவேளையாகக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு முட்டி வலித்தது, மூக்கெல்லாம் தூசி. ஆனாலும் அவள் ஏவ, இவர் செய்ய, வீட்டில் ரொம்ப நாளைக்கப்புறம் இரண்டு குரல் கேட்டது. வேலை முடியக் கூடாதே என்று ஒரு நப்பாசை. குழாயில் ஒன்றும் வராத பிறகும் இன்னொரு தடவை பிரஷை விட்டு ஆட்டினார்.

எல்லாவற்றையும் பொருத்தி, சல்லடையையும் அதன் இடத்தில் செருகி, பிளக்கை மாட்டி, துண்டுகளோடு மெஷினை ஓடவிட்டார். குடையும் போனுமாக வீட்டின் பக்கச் சந்துக்குப் போனார். சுவரில் குழாய் முடியும் இடத்தில் இத்தனை நாள் அசையாமல் கிடந்த மூடி, படபடவென்று தூக்கிக்கொண்டு நின்றது. வெதுவெதுப்பான காற்று கையில் அடித்தது.

"பாரு! பாரு!" என்று போனைக் காட்டினார்.

"அப்பாடா" என்றாள். "இப்பத்தான் எனக்கு நிம்மதி. துணிக்கே திண்டாடறீங்களேன்னுதான் கிளம்பலாம்னு இருந்தேன். நம்ம பொண்ணும் ஆபீஸுக்குத் திரும்பணுமாம், குழந்தையை யார்கிட்ட விடறதுன்னு ஒரே அழுகை. நீங்க சமாளிச்சுப்பீங்கன்னா, இன்னும் ஒரு வருஷம் இருந்துட்டு வரட்டுமா?"

குடை மேல் மழை கொட்டியது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் எப்படியெல்லாம் கத்தினார்கள்! கோட்டுப் போட்ட பெரிய மனிதர்கள்கூட வெட்கம் பார்க்காமல் கதவைத் தட்டித் தட்டி, எங்களை வெளியே எடுங்கள் என்று அழுதார்கள். இவர் வெளியே நின்றுகொண்டு உள்ளுக்குள் சிரித்திருக்கிறார். இப்போது வந்துடு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்கு இங்கே தனியாக இருக்க முடியவில்லை என்று சொன்னால் போதும்.

"இரு, இரு. எனக்கு இங்க என்ன குறை?" என்றார்.

"நிஜமாத்தான் சொல்றீங்களா?"

"நிஜமாத்தான்."

அதற்குள் அந்தப் பக்கம் குழந்தை எழுந்துவிட்டது.

துண்டுகள் ஒரே ஓட்டத்தில் காய்ந்துவிட்டன. சல்லடையை உருவி, அவள் சொன்னபடி பஞ்சை வழித்துப் போட்டார். கட்டிலில் உட்கார்ந்து, தொங்கிய சட்டைகளையும் எடுத்து வந்து எல்லாவற்றையும் மடித்தார். அவள் இருந்தால் இரண்டு அடுக்கு வரும். இப்போது ஒன்றுதான் வந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று போனை எடுத்தார்.

மகள்தான் எடுத்தாள். "அம்மா பாப்பாக்குச் சோறு ஊட்டிட்டு இருக்காப்பா. என்ன விஷயம், ஏதாவது அவசரமா?"

"அவசரம் எல்லாம் இல்லைம்மா." அடுக்கின் மேலிருந்த துண்டை நேராக்கி வைத்தார். "டிரையர் நல்லா ஓடுதுன்னு அம்மாகிட்ட சொல்லு."

"அதான் அப்பவே சொன்னீங்களாமே!"

"ஆமா. சும்மா, இன்னொரு தடவை சொல்லு."