ஏரி மேல் போன வீடு

அப்பாவின் உயிலைப் படித்து முடித்தபோது லவீனியாவுக்கு வீடு கிடைத்தது. தம்பி ஹோரஸுக்கு நிலம் கிடைத்தது. அந்த ஏரிக்கரைக் கோடை வீடு ஒருத்திக்கு, அது நிற்கிற மண் இன்னொருவனுக்கு. பிள்ளைகள் ஒற்றுமையாக இருக்கட்டும் என்று அவர் நினைத்திருப்பார். பாவம், பெற்ற பிள்ளைகளைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை.

"இது என் மண்ணு, அக்கா. உன் வீட்டைத் தூக்கிட்டுப் போ," என்றான் ஹோரஸ்.

அக்கா தூக்கிக்கொண்டு போவாள் என்று அவன் கனவிலும் எண்ணவில்லை. லவீனியா எதிர்க்கரையில் இடம் வாங்கினாள். பிப்ரவரியில் ஏரி கல்லாக உறைந்ததும், வீடு நகர்த்தும் கேலஹனை வரவழைத்தாள். குளிர்காலத்தில் வீடுகள் ஏரியைக் கடப்பது அந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. ஆனால் இதுவரை போனவை எல்லாம் கொட்டகையும் குடிசையும்தான். இதற்கோ மூன்று மாடி. சுற்றிலும் வராண்டா, தூண்களுக்கு நடுவே மரத்தில் இழைத்த பூவேலை, சுவரெல்லாம் மீன் செதில் போல அடுக்கிய மரச்சில்லு. மேற்கு மூலையில் கூர்தொப்பி போட்ட வட்டக் கோபுரம்.

அந்தக் கோபுரம்தான் லவீனியாவின் உயிர். சிகாகோவிலிருந்து யார் வந்தாலும் முதலில் அதன் உச்சி அறைக்கு ஏற்றிவிடுவாள். "இதுதான் இந்த வீட்டையே தாங்குது," என்பாள். மூச்சு வாங்கிக்கொண்டு அவர்களும் ஆமாம் என்பார்கள்.

வீட்டை ஜாக்கி வைத்து உயர்த்தி, அடியில் சறுக்குக் கட்டைகள் கொடுத்து, குதிரைகளைப் பூட்டினார்கள். லவீனியா இறங்க மறுத்துவிட்டாள்.

"என் வீடே போகும்போது நான் எதுக்கு நடக்கணும்?"

வராண்டாவில் கம்பளி போர்த்தி உட்கார்ந்து, கரையில் கூடிய ஊருக்குக் கையசைத்தபடி கிளம்பினாள்.

நடு ஏரியில் வீடு நின்றுவிட்டது. மேற்கு மூலை மெல்லத் தாழ்ந்தது. அடியில் பனி விரிசல் விட்டு, துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம்.

கேலஹன் தொப்பியைக் கழற்றினார். "அம்மா, கோபுரம் ஒரு பக்கமா இழுக்குது. அதை அறுத்துப் போட்டுட்டா மிச்சம் பொழைக்கும்."

"உங்க காலை அறுத்துட்டு மிச்சத்தை நடக்கச் சொல்லட்டுமா?"

"என் கால் இம்புட்டு கனம் இல்லம்மா. காத்து வேற தெக்கேருந்து வெதுவெதுன்னு அடிக்குது. பனி இளகிச்சுன்னா மொத்த வீடும் மீனுக்குத்தான்."

அந்த நேரம் பார்த்துத்தான் ஹோரஸ் சறுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

"என்னக்கா, எடம் நல்லா காத்தோட்டமா இருக்கே! அக்கம்பக்கத்துத் தொல்லையே கெடையாது!"

"வந்த வழியே போடா. நீ நிக்கிற கனத்துக்கே ஏரி அழுவுது."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். கேலஹனின் ஆட்கள் ரம்பத்தோடு கோபுரத்தை நெருங்கியதும் சிரிப்பு பட்டென்று நின்றது.

"யோவ்! அதுல கை வச்சே, தொலைச்சுடுவேன்!"

லவீனியா நாற்காலியை விட்டு எழுந்தாள். "உனக்கென்னடா வந்துச்சு? உனக்கு மண்ணு மட்டும்தானே வேணும்?"

ஹோரஸின் முகம் சிவந்தது. "அப்பாவுக்குத் தெரியாம சுருட்டுப் பிடிக்க எனக்கு அந்த உச்சி அறையை விட்டா வேற எடம் ஏதுக்கா இருந்துச்சு? நீ விருந்தாளியோட ஏறி வர்ற சத்தம் கேட்டா சன்னலைத் தெறந்து புகையை வெரட்டுவேன்."

"படுபாவி! எலி செத்த நாத்தம்னு வருஷக்கணக்கா அந்தத் தரையைத் தேய்ச்சேனே!"

அடியில் மறுபடி வெடித்தது. லவீனியா கோபுரத்தைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். பனிக்கட்டி வியாபாரம் பண்ணும் அவன் லாயத்தில் யானை மாதிரி குதிரைகள் இருப்பது அவளுக்குத் தெரியும்.

"ஹோரஸ், உன் குதிரைங்களை ஓட்டிட்டு வா. கோபுரத்தை அறுக்காம முழுசாப் பிரிச்சு நீயே எடுத்துக்கோ. மிச்சத்தை என் கரைக்கு இழுத்துக் குடு."

"நெசமாவா சொல்றே?"

"வாயை மூடிட்டு ஓடு. எனக்கு மனசு மாறிடும்."

ஹோரஸ் குதிரைகளோடு திரும்பி வந்ததும் மூலையில் மரச்சில்லுகளைப் பெயர்த்து எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். கோபுரத்தை வீட்டோடு பிடித்திருந்தது சில துருப்பிடித்த போல்ட்டுகள்தான். அப்பா பிற்பாடு ஒட்டவைத்திருக்கிறார்.

"இது எதையுமே தாங்கலைக்கா! வீடுதான் இதைத் தாங்கிட்டு இருந்திருக்கு!"

"குடும்பத்துல அப்படி ஒண்ணு இருக்கத்தான்டா செய்யும்," என்றாள் லவீனியா, அவனையே பார்த்து.

கோபுரம் ஆடும் பல் போலக் கழன்று வந்தது. அதைத் தனிச் சறுக்குக் கட்டைகளில் நிறுத்திக் கயிறு கட்டி ஹோரஸின் கரைக்குக் கொண்டுபோனார்கள். பாரம் குறைந்த வீடு, இரண்டு பேர் குதிரைகளும் சேர்ந்து இழுக்க, சாதுவாக எதிர்க்கரை ஏறியது.

கோடையில் நீராவிப் படகில் வந்த விருந்தினர்களை லவீனியா வராண்டாவில் உட்காரவைத்தாள். மேற்கு மூலையில் பலகை அடித்த பக்கத்தை ஒரு பூந்தொட்டியால் மறைத்திருந்தாள். அக்கரையில் வெறும் புல்தரையில் கோபுரம் மட்டும் தன்னந்தனியாக நின்றது. ஹோரஸ் கீழ்த்தளத்தில் சமைத்து, நடுத்தளத்தில் தூங்கி, உச்சி அறையில் உட்கார்ந்து, அதிலேயே குடியிருந்தான். இத்தனை வருஷம் உள்ளேயே ஏறி இறங்கிய லவீனியா அதை முழுசாகப் பார்ப்பது இப்போதுதான். மாலை வெயிலில் அது தண்ணீரில் தலைகீழாகவும் நின்றது.

"அடடா, என்ன அழகு! அந்தக் கோபுரம் யாரோடது?" என்றாள் ஒரு விருந்தாளி.

"என்னோடதுதான்," என்றாள் லவீனியா, தேநீரை ஊற்றியபடி. "இங்கேருந்து பார்க்கறதுக்காக அங்கே வச்சிருக்கேன். தம்பி காவல் பார்த்துக்கறான்."