எந்தக் கார்டு, யார் பெயர்

ரெத்தினத்தின் கைப்பேசிக்கு வெட்கம் கிடையாது. எந்தச் செய்தி வந்தாலும் நாலு பேர் நடுவில் உரக்கப் படித்துவிட்டுத்தான் ஓயும். கண்ணில் புரை விழுந்து அவருக்கு எழுத்து மங்கத் தொடங்கியபோது, வாய்க்கால் பாலத்தருகே டீக்கடை நடத்தும் சித்தீக்தான் அந்த ஏற்பாட்டைச் செய்துகொடுத்தார். "ஒங்களுக்குப் படிச்சுக் காட்டியே என் பாலு பொங்கி வழியுது தலைவரே. இனிமே அதுவே படிக்கட்டும்" என்றார். அன்றிலிருந்து அந்தக் கடைக்கு இரண்டு வானொலிகள்.

அந்தக் கைப்பேசிக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், கீழ்வேளூரை அடுத்த அந்த ஊரில் வங்கிக்காரர்கள் முகாம் போட்டுக் கணக்குத் தொடங்கினார்கள். தெருவுக்கே இருந்த கைப்பேசி அன்று அது ஒன்றுதான். விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் ரெத்தினம், "எல்லாரும் நம்ம நம்பரையே குடுங்க" என்றார், தெருவே கொடுத்தது. பிறகு காலம் மாறியது. கூலிக்கு நாற்று நட்டவர்கள் குத்தகைக்கும் சொந்தத்துக்கும் நிலம் பிடித்தார்கள். வீட்டுக்கு மூன்று கைப்பேசிகள் வந்தன. அதே வங்கிக் கணக்கின் மேல் கிரெடிட் கார்டுகளும் வந்தன. எண்ணை மட்டும் யாரும் மாற்றவில்லை. தெருவில் எவர் எதை வாங்கினாலும் முதலில் அறிவது ரெத்தினத்தின் கைப்பேசி. அடுத்து அறிவது டீக்கடை.

ஒரு வருடமாக அந்தக் கைப்பேசி ஒரு பெயரை ஓயாமல் உச்சரித்து வந்தது. "செம்மொழி அவர்களே, குழந்தைப்பேறு சிகிச்சைப் பிரிவில் உங்களுக்கு வெள்ளிக்கிழமை நேரம் ஒதுக்கப்பட்டுள்ளது." செம்மொழி ரெத்தினத்தின் மருமகள், கீழ்வேளூரில் தனியார் பள்ளியொன்றின் கணக்கு ஆசிரியை. அவளைத் தஞ்சாவூர் மருத்துவமனைக்கு முதலில் அழைத்துப் போனவள் மாமியார் காளியம்மாள். பதிவுப் பலகையில் கேட்டபோது மாமனாரின் எண்ணைச் சொன்னாள். வேறு எண் அவளுக்கு மனப்பாடமில்லை. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் செம்மொழிக்கு எந்தப் பரிசோதனை, எப்போது, எந்த அறையில் என்பதெல்லாம் டீ ஆற்றும் சத்தத்தோடு ஊருக்குத் தெரிந்தது. அவள் பள்ளிக்குப் போகும் வழியில் பார்வைகள் அவள் முகத்தில் படவில்லை, வயிற்றில் பட்டன.

மேடையில் ஏறினால் பெண் விடுதலையை இடியாய் முழங்குகிறவர் ரெத்தினம். மகன் பரிதியின் திருமணத்தைத் தாலி இல்லாமல், மாலை மாற்றி, உறுதிமொழி படித்து நடத்தியவர். அவருடைய டீயும் ஒரு வருடமாக அந்த அறிவிப்புகளுக்கு நடுவேதான் ஆறிக்கொண்டிருந்தது.

இப்போது விவகாரம் முற்றியிருந்தது. வருகிற மாதம் செம்மொழிக்கு மயக்க மருந்து கொடுத்து, வயிற்றில் துளையிட்டுக் குழாய் விட்டுப் பார்ப்பதென நாள் குறித்தாயிற்று. அதுவரை செய்த எல்லாப் பரிசோதனைகளிலும் அவளிடம் குறை எதுவும் தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் மருத்துவர் கேட்டது ஒன்றே: "ஒங்க வீட்டுக்காரர் டெஸ்ட் எடுத்தாச்சா?" பரிதி ஒருமுறை போனான். நடைபாதையில் செவிலி அவன் பெயரைக் கூவி, கையில் ஒரு பிளாஸ்டிக் குப்பியைக் கொடுத்தாள். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியேறியவன், நாகப்பட்டினம் பேருந்தில் ஏறி ஊர் வந்து சேர்ந்தான். ஐம்பது குதிரைத்திறன் டிராக்டரையும் பவர் டில்லரையும் நா வலிக்காமல் விற்கிறவன், ஒரு குப்பியின் முன் தோற்றான்!

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் செம்மொழி தன் கைப்பேசியை அவன் முன் வைத்தாள். ஆண்களுக்கான குழந்தைப்பேறு பரிசோதனைப் பெட்டி. வீட்டிலேயே மாதிரி எடுத்துக் கூரியரில் அனுப்பினால், ஆய்வகத்திலிருந்து முடிவு வந்துவிடும். கடையின் பெயர் ஆண்நலம். அங்கே கார்டு மட்டுமே செல்லும். கார்டு எவர் பெயரிலோ, பெட்டியும் அவர் பெயருக்கே வரும்.

பரிதியிடம் இரண்டு கார்டுகள் இருந்தன. சம்பள வங்கி கொடுத்த நீலக் கார்டை எடுத்துப் போட்டுப் பார்த்தான், மறுக்கப்பட்டது. நண்பன் ஜாஃபர் சாதிக் தள்ளுபடியில் ஃபிரிட்ஜ் வாங்க அதைக் கடன் கேட்டு வாங்கியிருந்தான். வரம்பு முழுவதும் அந்த ஃபிரிட்ஜுக்குள் உறைந்து கிடந்தது. மிச்சமிருந்தது சிவப்புக் கார்டு. அன்று அதற்குப் பத்து சதவீதம் தள்ளுபடி வேறு. ஆனால் அது முகாமில் தொடங்கிய கணக்கின் கார்டு.

"செவப்பு வேணாம்" என்றான் பரிதி.

"ஏன்? தள்ளுபடி இருக்கே."

"ஓடிபி அப்பா போனுக்குப் போவும். அது அங்க கெடந்து கத்தும். மருதையன் சித்தப்பா ஒருத்தரு போதும், கீழ்வேளூர் டேசன் வரைக்கும் சேதி போயிடும்."

"நம்பர மாத்திக்கலாமுல்ல?"

"பேங்க்ல ஒரு வாரம் ஆக்குவான். அப்பறம் பொட்டி வந்து, ரிசல்ட்டு வந்து... அதுக்குள்ள ஒனக்குக் குறிச்ச நாளே வந்துடும்." சற்று யோசித்தான். முகம் மலர்ந்தது. "ஒங்கிட்ட கார்டு இருக்குல்ல! ஓடிபி ஒன் போனுக்கு வந்துடும். ஒரு பயலுக்கும் தெரியாது."

செம்மொழி மருத்துவமனைக்கென்று எடுத்துவைத்திருந்த பையில் துண்டை மடித்து வைத்தாள். பிளாஸ்கைச் செருகினாள். பிறகு தன் கார்டை எடுத்து அவன் மடியில் போட்டாள்.

"போடுங்க. பொட்டி என் பேருக்கு வரும். கூரியர்காரரு தெருமுனையில வண்டிய நிறுத்திட்டு, செம்மொழி மேடம் மருந்துப் பார்சல்னு கத்துவாரு. இதுவும் எனக்குத்தான்னு ஊரு நெனச்சுக்கும். ஒண்ணும் புதுசில்ல."

"நான் அப்பிடிச் சொல்லல செம்மொழி..."

"ஒரு வருசமா என் பேரு அந்தக் கடையில கேக்குதுங்க. ஒங்க பேரு ஒரு தடவ கேட்டா என்ன, பாலம் இடிஞ்சுடுமா?"

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவன் எதிர்த்துப் பேசித் தப்பியிருப்பான். மடியில் கிடந்த கார்டைப் பார்த்தான். அதில் அச்சிட்டிருந்தது அவள் பெயர். வலி அவளுக்கு, ஊசி அவளுக்கு, ஊர்ப்பேச்சு அவளுக்கு. இன்று அவனுடைய பரிசோதனைக்கும் அவள் பெயரா? ஒரு பெண்ணின் பெயரைப் போர்வையாக்கி அதற்குள் ஒளிந்துகொள்வதற்கா அன்று மேடையேறிச் சரிபாதி என்று உறுதிமொழி படித்தான்?

அவள் கார்டை அவள் பையிலேயே திருப்பி வைத்தான். சிவப்புக் கார்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தான்.

டீக்கடையில் கூட்டம் நிறைந்திருந்தது. அறுவடை இயந்திரம் வராததால் காத்திருந்தவர்கள், வந்து போனதால் ஓய்ந்திருந்தவர்கள் என இரு தரப்பும் அங்கே இருந்தது. ரெத்தினம் வழக்கமான பெஞ்சில் இருந்தார். எதிரே மருதையன், கையில் வடையோடு.

"வாடா, டீ சாப்புடு" என்றார் ரெத்தினம்.

"இருக்கட்டும்பா. ஒங்க போனுக்கு ஒரு நம்பர் வரும். அது வேணும்."

சொல்லிவிட்டுத் தன் கைப்பேசியில் சிவப்புக் கார்டைப் போட்டுப் பொத்தானை அழுத்தினான். இரண்டு மூச்சு. கைப்பேசி தொண்டையைச் செருமுவதுபோல் ஒலித்துவிட்டுத் தொடங்கியது:

"பரிதி ரெத்தினம் அவர்களே. ஆண்நலம், ஆண்கள் குழந்தைப்பேறு பரிசோதனை நிலையத்தில், உங்கள் கார்டு மூலம் பணம் செலுத்துவதற்கான ஓடிபி, நான்கு, ஏழு, ஏழு, ஒன்று, மூன்று, எட்டு. இதை யாரிடமும் பகிர வேண்டாம்."

பகிர்வதற்கு இனி யாரும் மிச்சமில்லை. ஆற்றிய டீ சித்தீக்கின் கையில் அந்தரத்தில் நின்றது. பரிதி ஓர் எண்ணையும் தட்டவில்லை. எண்கள் கேட்டன, ஒன்றும் ஏறவில்லை.

முதலில் வாய் திறந்தவர் மருதையன். "என்னண்ணே, ஒங்க போனுக்குப் பேரு மாறிப்போச்சா? மருமவ பேரத்தான சொல்லும், இன்னிக்கு மவன் பேரச் சொல்லுது!" கடை சிரித்தது. "ஏன்டா பரிதி, மீசை வெச்ச ஆம்பளைக்கு எதுக்குடா டெஸ்ட்டு?"

பரிதிக்குத் தஞ்சாவூர் நடைபாதை நினைவுக்கு வந்தது. கால்கள் வண்டியைத் தேடின. ஆனாலும் நின்றான்.

"எனக்கு எதுவும் கொறையான்னு பாக்கத்தான் சித்தப்பா. செம்மொழிக்கு எல்லாம் பாத்தாச்சு. அவளுக்கு ஒண்ணுமில்ல. பாக்காதது நாந்தான்."

ரெத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடை அவர் வாயைப் பார்த்தது. எத்தனையோ கூட்டங்களில் அவர் பேச்சைத் தொடங்குமுன் செய்கிற செயல் அது.

"மருதையா. போன குறுவைக்கு வெதநெல்லு வாங்கியாந்தியே. நேரா நாத்தங்கால்லயா கொட்டுன?"

"அது எப்புடிண்ணே? ஒரு கை நெல்ல ஈரச்சாக்குல சுத்தி வெச்சு, மொளைக்குதான்னு பாத்துட்டுத்தான்."

"மொளைச்சுச்சா?"

"எங்க மொளைச்சுச்சு! மூட்டையக் கடையிலயே கொண்டுபோயித் திருப்பிப் போட்டேன்."

"ஏன்டா, வயலத் தஞ்சாவூருக்குக் கூட்டிட்டுப் போயி வயித்துல தொள போட்டுப் பாத்திருக்கலாமுல்ல?"

எழுந்த சிரிப்பில் பாலத்துக் கொக்குகள் பறந்தன. மருதையனுக்குப் புரையேறியது.

ரெத்தினம் சிரிக்கவில்லை. "ஆடு மேய்க்கிற வயசுலேருந்து வெதயச் சோதிச்சுப் பாத்த ஆளுங்க நாம. வீட்டுக்குள்ள வந்தா மட்டும் வயலயே திட்டுறோம்." கைப்பேசியை உள்ளங்கையில் நிறுத்திப் பார்த்தார். "ஒரு வருசமா இது என் மருமவ பேரச் சொல்லுச்சு. நானும் டீ குடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"தலைவரே," என்று குறுக்கிட்டார் சித்தீக், "மீட்டிங்க அப்பறம் வெச்சுக்குங்க. நம்பரு செத்துடப் போவுது!"

செத்தே போயிருந்தது. திரையில் நேரம் முடிந்ததென்று வந்தது. பரிதி அப்பாவைப் பார்த்தான்.

"மறுபடியும் கேக்கணும்பா. மறுபடியும் கத்தும்."

"கத்தட்டும்டா!" ரெத்தினம் கைப்பேசியின் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திச் சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றினார். "வாய்க்கா அக்கரையில நிக்கிற ஆளுக்கும் கேக்கட்டும்."

கேட்டது. பரிதி ரெத்தினம் அவர்களே என்று தொடங்கி, யாரிடமும் பகிர வேண்டாம் என்பது வரை, இரண்டாம் முறையும் முழுமையாக ஒலித்தது. இந்த முறை எண்களைக் கடையே சேர்ந்து அவனுக்கு ஒப்பித்தது. பணம் சென்றது. தள்ளுபடியும் கிடைத்தது. பரிதி பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து டீயைக் கேட்டு வாங்கிக் குடித்தான். அவன் பயந்த பூதம் வந்து, கத்தி, போயும் விட்டது. டீயில் சர்க்கரை சரியாக இருந்தது.

வீட்டுக்கு அவன் போகுமுன் செய்தி போயிருந்தது. காளியம்மாள் ஈரத்துணியால் அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

"டாக்டரம்மா மொதல்லயே ஒன்னத்தான் வரச்சொன்னாங்களாமே! இத வாயத் தொறந்து சொல்ல ஒரு வருசமாடா ஒனக்கு? அந்தப் புள்ள வயித்துல கத்தி வெக்கிற வரைக்கும் பாத்துக்கிட்டிருப்பியா?"

"அடிங்க அத்தை, இன்னொண்ணு" என்றாள் செம்மொழி உள்ளிருந்து. வெகு நாளைக்குப் பிறகு அவள் குரலில் விளையாட்டு இருந்தது.

பெட்டி வந்தது. கூரியர்காரர் தெருமுனையில் நின்று பரிதியின் பெயரைக் கூவினார். பரிதி நடந்துபோய்க் கையெழுத்திட்டு வாங்கினான். முடிவும் வந்தது. குறை அவனிடம்தான் இருந்தது, தீர்க்கக்கூடிய குறை. மருத்துவர் மாத்திரைகள் எழுதி, ஆறு மாதம் பொறுக்கச் சொன்னார். செம்மொழிக்கு இப்போதைக்கு எதுவும் தேவையில்லை என்று அடித்துச் சொன்னார். மறுநாள் காலை, கடை நிறைந்திருந்த நேரத்தில், ரெத்தினத்தின் கைப்பேசி கடைசி முறையாக அந்தப் பெயரைப் படித்தது. "செம்மொழி அவர்களே, உங்களுக்குக் குறிக்கப்பட்டிருந்த சிகிச்சை ரத்து செய்யப்பட்டது." ரெத்தினம் எல்லாருக்கும் டீ சொன்னார். அன்று பிற்பகலே தஞ்சாவூருக்குப் போய்ப் பதிவிலிருந்த எண்ணை மருமகளின் எண்ணாக மாற்றிவிட்டு வந்தார்.

அன்று மாலை மருதையன் வந்தார். உள்ளே வராமல் வாசற்படியோரம் நின்று பரிதியைக் கையசைத்துக் கூப்பிட்டார். செம்மொழி மருத்துவமனைப் பையைப் பிரித்து, துண்டை அலமாரியிலும் பிளாஸ்கைச் சமையலறையிலும் வைத்துக்கொண்டிருந்தாள். சன்னல் திறந்திருந்தது.

"பரிதி... எம்மவன் இளவழகனுக்கும் கல்யாணமாயி மூணு வருசமாச்சுல்ல. அந்தப் பொட்டி... அது எந்தக் கார்டுல வாங்குனா தள்ளுபடி?"

"செவப்புல சித்தப்பா. பத்து பர்சென்ட்டு."

"எங்கிட்டயும் அதுதான்டா இருக்கு! முகாம்ல போட்ட கணக்குக்குக் குடுத்தது" என்றார் மருதையன் மகிழ்ச்சியாக.

அவரே மெல்ல நினைத்துப் பார்க்கட்டும் என்று பரிதி விட்டுவிட்டான். மருதையனின் முகத்தில் முகாம் வந்தது, மேசை வந்தது, எல்லாரும் நம்ம நம்பரையே குடுங்க என்ற குரல் வந்தது. அவர் கண்கள் மெதுவாகப் பாலத்து டீக்கடைப் பக்கம் திரும்பின.

உள்ளே செம்மொழி பிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டு, வாயைப் பொத்தாமல் சிரித்தாள்.