கொட்டாத முடி

ஊரில் இருக்கிற பெண்களெல்லாம் முடி கொட்டுகிறதே என்று அழுதுகொண்டிருக்க, கயல்விழி ஒருத்திதான் கொட்டமாட்டேன் என்கிறதே என்று தவித்துக்கொண்டிருந்தாள். அவள் செய்கிற தொழிலுக்கு இது அடுக்குமா என்று கேட்டால், அடுக்காது. அவளும் அவள் வீட்டுக்காரர் தமிழ்ச்செல்வனும் சிங்காநல்லூரில் மூலிகைக் கூந்தல் எண்ணெய் காய்ச்சி விற்கிறவர்கள். உடுமலைப்பேட்டையிலிருந்து தேங்காய் எண்ணெய் வரும். கரிசலாங்கண்ணி, கறிவேப்பிலை, மருதாணி எல்லாவற்றையும் அரைத்துச் சாறு பிழிந்து அதில் ஊற்றி, வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட அடுப்படியில் காய்ச்சுவார்கள். பாட்டில் மேல் ஒட்டுகிற படத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது கயல்விழியேதான். இடுப்புக்குக் கீழே இறங்கிய பின்னல். விளம்பரத்துக்கு வேறு ஆள் தேட வேண்டிய அவசியமே வந்ததில்லை.

வாங்குகிறவர்களில் பாதிப் பேர் புதிதாகப் பிள்ளை பெற்றவர்கள். "கொத்துக் கொத்தா வருதுங்க்கா" என்று போனிலேயே அழுவார்கள். கயல்விழி நிதானமாகக் கேட்பாள். "கொழந்தை மொகம் பாக்க ஆரம்பிச்சிருச்சுங்களா?" ஆமாம் என்று பதில் வரும். "அப்பக் கொட்டத்தாங்க செய்யும். அம்மா மொகத்தைப் பாத்துக் கொழந்தை சிரிச்சா அம்மாவுக்கு முடி கொட்டும். பயப்படாதீங்க, அப்புறம் தன்னால நின்னு போயிரும்." கர்ப்பத்தில் உதிராமல் நின்ற முடிதான் பிரசவத்துக்குப் பிறகு மொத்தமாக உதிர்கிறது என்று ஆர்.எஸ்.புரத்து டாக்டரம்மா ஒருவர் அவளுக்கு ஒருமுறை விளக்கியிருக்கிறார். அதுவும் அவளுக்குத் தெரியும். ஆனாலும் போனில் சொல்வதற்கு முகம் பார்க்கிற கதைதான் நன்றாக இருந்தது. கேட்கிறவளுக்கும் அழுகை சட்டென்று நின்றுவிடும்.

கல்யாணமாகி வருடக்கணக்காகக் காத்திருந்து, பிறகு தத்தெடுக்க எழுதிக் கொடுத்து அதற்கும் காத்திருந்து, ஒருவழியாக யுவஸ்ரீ வீட்டுக்கு வந்தாள். வரும்போது மூன்று மாதக் குழந்தை. வந்து நாலு மாதம் ஓடிவிட்டது. குண்டுக் கன்னம், யாரைப் பார்த்தாலும் சிரிப்பு. அந்தச் சந்தோஷத்தில் கயல்விழிக்குக் கால் தரையில் பாவவில்லை, தமிழ்ச்செல்வனுக்குப் பெரியம்மா முறையான சின்னாத்தாள் குழந்தை பார்க்க வரும்வரைக்கும்.

சின்னாத்தாள் காப்பியைக் குடித்துக்கொண்டே கயல்விழியின் கொண்டையை ஒரு பார்வை பார்த்தாள். "ஏங்கண்ணு, புள்ள நல்லா மொகம் பாத்துச் சிரிக்குது. உனக்கு ஒரு மசுருகூடக் கொட்டுனாப்பல தெரியலியே. பெத்தவளுக்குத்தான் கொட்டுமாட்ட இருக்குது." கெட்ட எண்ணத்தில் சொன்னது அல்ல. அந்த அம்மாளுக்கு எண்ணம் என்று ஒன்று இருந்தால்தானே. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு, கொடுத்த முறுக்கை மடியில் கட்டிக்கொண்டு பஸ் ஏறப் போய்விட்டாள்.

அன்றைக்குப் பிடித்தது சனியன். கயல்விழிக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. காலையில் எழுந்ததும் தலையணையைத் தடவிப் பார்ப்பாள். குளித்துவிட்டு வந்தால் தண்ணீர் போகிற சல்லடையைக் குனிந்து பார்ப்பாள். எல்லாம் சுத்தமாக இருக்கும். யுவஸ்ரீ சிரிக்கத்தான் சிரித்தாள். ஆனால் கூரியர்காரனைப் பார்த்தும் அதே சிரிப்பு, சுற்றுகிற ஃபேனைப் பார்த்தும் அதே சிரிப்பு. யார் கை நீட்டினாலும் தாவிப் போனாள். சமர்த்துப் பிள்ளை என்று அக்கம்பக்கத்தில் கொஞ்சினார்கள். கயல்விழிக்கு அந்தச் சமர்த்துதான் பிடிக்கவில்லை. இவளுக்கு நானும் ஒன்று, கூரியர்காரனும் ஒன்றா என்று நினைத்தாள். நினைத்ததற்காகக் குழந்தையைத் தூக்கி முத்தம் கொடுத்தாள். குழந்தை அதற்கும் சிரித்தது.

அப்புறம் அவள் செய்த காரியத்தை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். தலைக்கு எண்ணெய் வைப்பதை நிறுத்தினாள். ஊருக்கெல்லாம் கூந்தல் எண்ணெய் விற்கிறவள், தினமும் சுடுதண்ணீரில் ஷாம்பு போட்டுத் தலையை அலசினாள். யாரும் இல்லாத நேரத்தில் பேன் சீப்பை எடுத்து வறட்டு வறட்டென்று வாரினாள். கொஞ்சம் கொட்டினால் போதும், அடுத்த தடவை சின்னாத்தாள் வரும்போது சீப்பை அவள் கண்ணில் படும்படி வாசல் திண்டின் மேல் வைத்துவிடலாம். அந்த முடியோ, பல வருடம் தின்ற எண்ணெய்க்கு விசுவாசமாக, வேரை விடுவேனா என்று நின்றது.

இந்தக் கூத்தில் அடுப்பைக் கவனிக்க மறந்தாள். எண்ணெய் காய்ச்சுவதில் இறக்குகிற பதம்தான் உயிர். திரியை எண்ணெயில் நனைத்துக் கொளுத்திப் பார்க்க வேண்டும். சத்தமில்லாமல் எரிந்தால் பதம். படபடவென்று வெடித்தால் சாற்றுத் தண்ணீர் இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். கயல்விழி திரியும் போடவில்லை, ஒன்றும் போடவில்லை. ஒரு கையில் சீப்போடு வந்து, கொதி அடங்கியதுபோல் இருக்கிறதே என்று இறக்கி, ஆறவைத்து, வடிகட்டிப் பாட்டிலில் அடைத்து அனுப்பிவிட்டாள்.

சில நாள் கழித்து ஒண்டிப்புதூரிலிருந்து பூஜிதா என்ற பெண் போன் செய்தாள். எண்ணெய் புளித்த வாடை அடிக்கிறதாம், நேரிலேயே வருகிறாளாம். தமிழ்ச்செல்வன் அலமாரியில் மிச்சமிருந்த பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"திரி போட்டுப் பாத்தயா?"

"பாத்தனுங்க" என்றவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "இல்லீங் மாமா. மறந்துபோட்டேன்" என்றாள்.

"நீயா மறந்தே?" கிட்டே வந்து அவள் கொண்டையைத் தொட்டுப் பார்த்தார். "என்ன அம்மணி இது, தலை வைக்கோலாட்ட இருக்குது? எண்ணெய் வெச்சு எத்தனை நாளாச்சு?"

அவள் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். முடியைத் தவிர எல்லாம் கொட்டியது. அவர் முதலில் சிரித்தார். பிறகு தன் வழுக்கையைத் தடவிக்கொண்டே, "எனக்குந்தான் மொத்தமாக் கொட்டிப்போச்சு. அப்ப நாந்தான் பெத்தனா?" என்றார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "உங்களுக்குப் புரியாதுங் மாமா. அவ எல்லாத்துகிட்டயும் போறா. நான் இல்லீனாலும் அவளுக்கு ஒண்ணும் ஆகாது." அவர் சிரிப்பை விட்டுவிட்டார். முன்பு காய்ச்சிய நல்ல எண்ணெய்ப் பாட்டில் ஒன்றை எடுத்துவந்து, "உக்காரு, நானே வெச்சுடறேன்" என்று அவள் கொண்டையை அவிழ்த்தார். வேண்டாம் என்று அவள் தலையை இழுத்துக்கொள்ள, வாசலில் மணி அடித்தது.

விரித்த தலையோடு, தொட்டிலிலிருந்து எழுந்து முனகிய யுவஸ்ரீயைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கயல்விழி கதவைத் திறந்தாள்.

பூஜிதா சண்டைக்குத் தயாராகத்தான் வந்திருந்தாள். பாட்டிலை மேஜை மேல் வைத்தாள். கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து அதற்குப் பக்கத்தில் வைத்தாள். உள்ளே முடி, சுருட்டிச் சுருட்டி ஒரு கைப்பிடி.

"பாருங்க்கா. ஒரு வாரத்துல கொட்டுனது. பாப்பாக்கு இப்பத்தானுங்க நாலு மாசம். இந்த எண்ணெயை நம்பித்தான் இருந்தேன்." சண்டை அதற்குள் அழுகையாகிவிட்டது.

கயல்விழி அந்தக் கவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பொறாமையாக இருந்தது அவளுக்கு. அழுகிற ஒரு பெண்ணின் உதிர்ந்த முடியைப் பார்த்துப் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

"தப்பு எங்க மேலதானுங்க. பதம் பாக்காம எறக்கிப் போட்டேன். வேற பாட்டல் தர்றனுங்க. ஆனா நெசத்தைச் சொல்லீர்றேன், இது எண்ணெயால வந்ததுமில்ல, எண்ணெயால நிக்கறதுமில்ல. கொஞ்ச மாசத்துல தன்னால நிக்கும்."

பூஜிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கயல்விழியின் முதுகு நிறையக் கிடந்த முடியையும் இடுப்பில் இருந்த குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தாள். "உங்களுக்குக் கொட்டவே இல்லீங்களா?"

தமிழ்ச்செல்வன் உள்ளேயிருந்து வேகமாக வந்தார், பேச்சை மாற்றுவதற்கு. கயல்விழி முந்திக்கொண்டாள். "இல்லீங்க. நான் பெக்கலீங்க இவளை. எடுத்து வளக்கறோம்."

வாங்க வந்தவர்கள் யாரிடமும் அவள் அதுவரை சொன்னதில்லை. பூஜிதாவுக்குச் சங்கடமாகிப் போனது. அந்தச் சங்கடத்தை மறைக்க, "வாங்க தங்கம், அத்தைகிட்ட வாங்க" என்று இரண்டு கையையும் நீட்டினாள்.

போய்விடுவாள். எல்லாரிடமும் போகிறவள்தானே. கயல்விழி மனதைக் கல்லாக்கிக்கொண்டு குழந்தையை நீட்டினாள். பூஜிதாவின் கை குழந்தையின் அக்குளில் பட்டது. யுவஸ்ரீ அந்தப் புது முகத்தைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. திரும்பிக் கயல்விழியின் முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் அந்தப் புது முகம். கீழுதடு பிதுங்கியது. அடுத்த நொடி வீடே அதிர வீறிட்டுக்கொண்டு தாவி, கைக்கு அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டாள். அகப்பட்டது கயல்விழியின் நெற்றியோரத்து முடி. கயல்விழிக்கு உயிர் போய் வந்தது.

"ஐயோ, பயந்துபோச்சுங்க" என்று பூஜிதா கையை எடுத்துக்கொண்டாள். குழந்தை விடவில்லை. முகத்தைக் கயல்விழியின் கழுத்தில் புதைத்துக்கொண்டு, முடியை இரண்டு கையிலும் சுற்றி இழுத்து இழுத்து அழுதது. விரலிடுக்கில் கருகருவென்று நீள நீளமாக முடி தொங்கியது.

"உட்ரு சாமி, அம்மாளுக்கு வலிக்குதல்லோ" என்று தமிழ்ச்செல்வன் குழந்தையின் விரலைப் பிரிக்க வந்தார்.

கயல்விழி ஓரடி பின்னால் நகர்ந்து குழந்தையை இறுக்கிக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து கன்னத்தில் ஓடியது.

"இருக்கட்டும் உடுங் மாமா," என்றாள். "புடுங்கட்டும்."