ஹோலாவுக்குப் பிறகு திரும்பிய மலை

இருபத்திரண்டு வருடமாக எங்கள் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறையில் திசைகாட்டி பிடிப்பவன் நான், பக்தாவர் சிங். பேராசிரியர்கள் வந்தார்கள், ஓய்வு பெற்றுப் போனார்கள். என் கை ஒரு டிகிரி பிசகியதில்லை. இதை நானே சொல்லிக்கொள்வது அழகில்லைதான். வேறு யாரும் சொல்வதில்லை, நான் என்ன செய்ய?

இமயமலை தேய்ந்து, ஆறுகள் அடித்துக்கொண்டு வந்து அடிவாரத்தில் கொட்டிய வண்டல்தான் எங்கள் ஷிவாலிக் குன்றுகள். வண்டல் படியும்போது அதிலுள்ள இரும்புத் துகள்கள் அன்றைய வடக்கைப் பார்த்துப் படுத்துக்கொள்ளும். பூமியின் காந்தமோ பொல்லாதது; எப்போதாவது வடக்கைத் தெற்காக்கிவிடும். எந்த அடுக்கு நேர், எந்த அடுக்கு தலைகீழ் என்று வரிசையாகப் பார்த்து, வயது தெரிந்த பட்டியலோடு ஒப்பிட்டால் பாறையின் வயது வந்துவிடும். அதற்குப் பாறையில் டிரில் போட்டு விரல் பருமனில் கல்லை எடுக்கிறபோது, துளை எந்தத் திசையைப் பார்க்கிறது என்று குறிக்க வேண்டும். அதுதான் என் வேலை.

அந்த வருடம் ஊனாப் பக்கத்து ஆராய்ச்சி மாணவி பந்தனாவுக்காக ஓர் ஓடைக்கரைச் செங்குத்தில் எண்பத்தேழு துளை போட்டோம். மேலே இளைய அடுக்கில் ஆரம்பித்து, கீழே பழைய அடுக்குக்கு இறங்கினோம். ஆகஸ்டுக்குள் பட்டம் கிடைத்தால் அவளுக்கு டேராடூனில் வேலை. கிடைக்காவிட்டால் அது வேறொருவருக்கு. வயதெல்லாம் ஒழுங்காக வந்தது. ஆனால் நாற்பத்தேழாவது துளையிலிருந்து கீழே எல்லாமே இருபத்தெட்டு டிகிரி திரும்பியிருந்தன.

அவளுடைய பேராசிரியர் டாக்டர் பாசின் துறை முழுக்க லட்டு கொடுத்தார். "மலையே திரும்பியிருக்குய்யா! எட்டு மில்லியன் வருஷத்துக்கு முன்னாடி!" பக்கத்துக் குன்று முப்பது டிகிரி திரும்பியது என்று எழுதிப் பெயர் வாங்கியவர் டாக்டர் விர்க். அவரையே தேர்வாளராகப் போட்டுவிட்டார் பாசின். தன் கட்சிக்கு ஆள் கிடைத்தால் அந்த மனிதர் குளிர்ந்துபோவார் என்று கணக்கு.

பந்தனா மட்டும் லட்டைத் தொடவில்லை. கள நோட்டோடு என்னிடம் வந்தாள்.

"சாச்சாஜி, நாப்பத்தாறாவது துளைக்கும் நாப்பத்தேழாவது துளைக்கும் நடுவுல நாலு நாள் வேலை நடக்கல. எங்க போனீங்க?"

"அனந்த்பூர் சாஹிபுக்கு. ஹோலா மொஹல்லா திருவிழா இல்லையா? குதிரை, வாள் வீச்சு, லங்கர்ப் பந்தியில பருப்பு. கண்ணு நிறையப் புழுதி."

"அங்க ஏதாவது வாங்கினீங்களா?"

"நான் எதுக்கு வாங்கறேன்? பையன் வாங்கிக் குடுத்தான்." வலது கைக் காப்பை உயர்த்திக் காட்டினேன். "முன்ன போட்டிருந்தது வெறும் எவர்சில்வர். இது சுத்த இரும்பு. கனத்தைப் பாரு!"

அவள் திசைகாட்டியை என் காப்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். முள் சோம்பேறித்தனமாக நகர்ந்து இருபத்தெட்டு டிகிரி தள்ளி நின்றது.

ஒரே செங்குத்து, ஒரே நிற்பு, ஒரே மாதிரி கை. என் ஒழுங்குதான் என்னைக் கவிழ்த்தது. கண்டபடி பிடிக்கிற ஆளாக இருந்திருந்தால் தப்பும் கண்டபடி வந்து அன்றைக்கே தெரிந்திருக்கும்.

"கழட்டிடவா?" என்றேன். அமிர்தம் எடுத்த சீக்கியன் நான்; காப்பைக் கழற்றவே கூடாது.

"ஐயோ, வேண்டாம் சாச்சாஜி. நீங்க பத்தடி தள்ளி நின்னா போதும்."

பாறையில் துளைகள் அப்படியேதான் இருந்தன. ஜூன் மாத வெயிலில் மறுபடி போனோம். அவள் ஒவ்வொரு துளையிலும் திசைகாட்டி பொருத்திய குழாயைச் செருகித் திசையைச் சொல்ல, நான் பத்தடி தள்ளி நின்று நோட்டில் எழுதினேன். இருபத்திரண்டு வருட அனுபவம் அங்கே தீண்டத்தகாதவனாக நின்றது. நாற்பத்தொரு துளை முடிந்தபோது மலை இருந்த இடத்துக்கே வந்துவிட்டது. பாசினிடம் சொன்னபோது, இழவு வீட்டுக்காரர் போல, "கொஞ்சம்கூடத் திரும்பலையா?" என்று கேட்டார்.

வாய்மொழித் தேர்வு நாளில் டாக்டர் விர்க் கோட்டு சூட்டோடு வந்து உட்கார்ந்தார். தாடி, தலைப்பாகை, எல்லாம் இஸ்திரி போட்ட மாதிரி. ஆய்வேட்டைப் புரட்டப் புரட்ட முகம் கறுத்தது.

"ஒரு காப்பு மலையைத் திருப்பிடுச்சா? யாரும்மா உனக்கு இதைச் சொன்னது?"

வாசலில் நின்ற என்னைக் கூப்பிட்டார்கள். பந்தனாவின் உதடு வெளுத்திருந்தது. அவளுடைய டேராடூன் இந்த மனிதரின் பேனாவில் இருந்தது.

"திசைகாட்டியைக் குடுய்யா. நானே பாக்கறேன்."

வலது கையை நீட்டினார். கோட்டுக் கை மேலேறியது. என்னுடையதைவிடக் கனமான இரும்புக் காப்பு மணிக்கட்டுக்கு வழுக்கி வந்தது. முள் நகர்ந்தது. கையை இழுத்தார், முள் திரும்பி வந்தது. மறுபடி நீட்டினார், மறுபடி போனது.

பாசின் கூரையைப் பார்த்தார்.

என் வாய் சும்மா இருக்குமா? "எப்பலேர்ந்து போட்டிருக்கீங்க ஜி?"

"தொண்ணூத்தெட்டு."

"உங்க மலை?"

"தொண்ணூத்தொன்பது," என்றார் மெல்ல.

விர்க் திசைகாட்டியை மேசையில் வைத்தார். பிறகு தாடிக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி வயிறு வரை குலுங்கியது.

"நீ எத்தனை துளைம்மா திரும்பப் பாத்தே?"

"நாப்பத்தொண்ணு, சார்."

"எனக்கு இருநூத்தி ஆறு." கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "பக்தாவர் சிங்ஜி, அடுத்த மாசம் லீவு கிடைக்குமா?"

"கிடைக்கும் ஜி. ஆனா ரெண்டு பேரும் பத்தடி தள்ளி நின்னா, திசைகாட்டியை யார் பிடிக்கிறது?"

மூவரும் பந்தனாவைப் பார்த்தோம்.

அவள் பேனாவின் மூடியைத் திறந்து விர்க்கின் முன்னால் வைத்தாள்.

"முதல்ல கையெழுத்துப் போடுங்க சார்."