தொட்டிப் பலகை

"எறக்காதீங்க," என்றாள் நல்லம்மாள்.

தோளிலிருந்த சவப்பெட்டியை இறக்கக் குனிந்த உடையப்பன் அப்படியே நிமிர்ந்தான். அவனோடு பெட்டி சுமந்த மற்றவர்களும் நிமிர்ந்தார்கள். கோயில் படியின் மேல், மழையில் குடையும் கையுமாக வழியை மறித்து நின்றார் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் லியோனார்ட் கிராணி. போதகர் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற நாட்களில் சபைக்குப் பெரியவர் கிராணிதான்.

"வராந்தாவுல வைங்க, நான் ஜெபம் பண்றேன். முழுக்கு ஞானஸ்நானம் எடுக்காதவங்க பெட்டி உள்ள வர்றதில்ல. உனக்கே தெரியும், நல்லம்மா."

அவளுக்குத் தெரியும். பெட்டிக்குள் கிடக்கும் அவள் புருஷன் அப்பாவு அதை அவளைவிட நன்றாக அறிந்தவன்.

முதலில் இந்தச் சபை தோட்டத்துப் புகைக்கூடத்தில்தான் கூடியது. தலைக்கு மேல் ரப்பர் ஷீட்டுகள் தொங்க, இருமிக்கொண்டே பாடினார்கள். பிறகு ஈப்போவிலிருந்து கிராணிமார் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. ஈயம் தோண்டும் லம்பத்தில் பிரித்துப் போட்ட கொட்டகையின் பலகையையும் தகரத்தையும் வாங்கி, சுண்ணாம்பு மலையடியில் இந்தக் கோயிலை எழுப்பினார்கள். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து மூன்றாம் வருஷம். ஞானஸ்நானத் தொட்டியை வெட்டியவன் அப்பாவு. ரப்பர் மரம் சீவிவிட்டு வந்து, பிரசங்க மேடைக்கு முன்னால் இடுப்பளவு ஆழத்துக்குப் பாறையை உடைத்தான். சிமெண்டு பூசினான். கிராணிமார் குடும்பங்கள் இறங்குவதற்குக் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்து நிரப்பியவனும் அவன்தான்.

தோட்டத்து ஆட்களின் முறை வந்தபோது லியோனார்ட் சொன்னார், "இவங்க கால் சேறு தொட்டிய நாசமாக்கிரும். அதான் ஆறு இருக்கே."

எல்லாரும் ஆற்றுக்குப் போனார்கள். நல்லம்மாளும் போனாள். அவள் முழுகி எழுந்தபோது அப்பாவு அவளுடைய மாற்றுச் சேலையைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றான்.

"நான் வெட்டுன தொட்டி. எறங்குனா அதுலதான் எறங்குவேன்," என்றான். வருஷா வருஷம் போதகர் கேட்டார், வருஷா வருஷம் அதே பதில். இப்படியும் ஒரு மனுஷனுக்குப் பிடிவாதமா என்று அவள் கத்தாத நாளில்லை. நேற்றுக் குளிர்காய்ச்சல் அவனைக் கொண்டுபோய்விட்டது. அந்தப் பிடிவாதத்தை மட்டும் இவளிடம் விட்டுப் போயிருக்கிறான். இப்போது அவளுக்கு வந்தது அழுகையில்லை, கோபம்.

"கிராணியாரே, நான் ஆத்துல முழுகுனவ. சபையில என் கைக்குக் கணக்கு உண்டா, இல்லியா?"

"உண்டு."

"அப்ப சபையக் கேளுங்க."

அவரால் மறுக்க முடியவில்லை. இங்கே பிஷப்பும் கிடையாது, பெரிய தலையும் கிடையாது, சபையார் கை தூக்கினால் அதுதான் முடிவு என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். தகரத்துக்கு எந்தச் சாயம் பூசுவது என்பதைக்கூட அப்படித்தான் தீர்த்தார்கள். அவர் கை எழுகிறதா என்று பார்த்துவிட்டுத் தோட்டத்துக் கைகள் எழும். அது இத்தனை வருஷப் பழக்கம். அதனால் தைரியமாகவே கேட்டார்.

"அப்பாவு பெட்டி உள்ள வரலாம்னு சொல்றவங்க கை தூக்குங்க."

நல்லம்மாள் தூக்கினாள். தலையில் சாக்கைப் போர்த்தி நின்ற பெண்கள் கிராணியின் கையைப் பார்த்தார்கள். அது குடைப்பிடியை விட்டு நகரவில்லை. ரப்பர் பால் வாளி சுமக்கும் மங்களம் மெதுவாகத் தூக்கினாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர். கூரைக்குக் கீழே நனையாமல் நின்ற கிராணிமார் கைகளைக் கோட்டுப் பையிலேயே வைத்திருந்தார்கள்.

"பத்தாது, நல்லம்மா," என்றார் லியோனார்ட். குரலில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

"எங்களயும் எண்ணுங்க ஐயா," என்றான் உடையப்பன். "நாங்க வந்ததுலேர்ந்து கையத் தூக்கிக்கிட்டுத்தான் நிக்கிறோம்."

பெட்டியின் அடியைத் தாங்கித் தோளுக்கு மேல் உயர்ந்திருந்த கைகளை அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கைக்குரியவர்களையும் பார்த்தார். வழக்கமாகத் தலை குனிகிறவர்கள் இன்று குனியவில்லை. மழைத்தண்ணீர் முழங்கை வழியாக வழிய, அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

லியோனார்ட் குடையை மடக்கினார். படியை விட்டு ஒதுங்கினார்.

"சரி, சொவரோரமா வைங்க."

"தொட்டி மேல வைங்க," என்றாள் நல்லம்மாள்.

வைத்தார்கள். வாசலிலிருந்து மேடைவரை செம்மண் கால்தடம் பதிந்தது. அதை யாரும் துடைக்கவில்லை. தொட்டியை மூடியிருந்த பலகைகள் பாரத்தில் முனகின. விரல் நுழையும் இடுக்கு விட்டுத்தான் அந்தப் பலகைகளை அடித்திருந்தார்கள். நல்லம்மாள் பெட்டியை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள். லியோனார்ட் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து பாடத் தொடங்கினார். தோட்டத்து ஆட்கள் அவரைவிடச் சத்தமாகப் பாடினார்கள்.

பாட்டு முடிந்து, ஜெபத்துக்கு எல்லாரும் கண்ணை மூடினார்கள். அவள் மூடவில்லை. பெட்டியில் ஊறிய மழைத்தண்ணீர் பலகை இடுக்கு வழியாகக் காலித் தொட்டிக்குள் சொட்டும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சொட்டு குறைந்து நின்றது.

நல்லம்மாள் நனைந்த முந்தானையைச் சுருட்டி, அந்த இடுக்குக்கு நேராகப் பிடித்து, ஒட்டப் பிழிந்தாள்.