நாயின் சாட்சி

வியாழக்கிழமை மானிய அலுவலகத்திலிருந்து ஆள் வருவதாக அப்பா போன் செய்தார். அன்றே இத்தாலியிலிருந்து எங்கள் நாட்டுக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

பண்ணை என் பெயரில் இருக்கிறது. நாற்பது வயதுக்குள் உள்ளவன் ஊரிலேயே தங்கி விவசாயம் பார்த்தால் அரசாங்கம் தனியாக ஒரு தொகை தருகிறது. அப்பாவுக்கு அறுபத்தொன்று, எனக்கு இருபத்தாறு. கையெழுத்தைப் போட்டுவிட்டு மூன்றாம் மாதமே இத்தாலிக்கு, டைல்ஸ் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டேன். மூன்று வருடமாகிறது. தெரிந்தால் கொடுத்ததையெல்லாம் திருப்பிக் கேட்பார்கள். ஏழு மாடுகளையும் விற்றாலும் காணாது.

நான் ஊரில் இல்லையென்று பெட்டிஷன் போட்டது சித்தப்பா கவ்ரிலா. பக்கத்து வீடு. மேட்டுப் புல்வெளியின் எல்லைத் தகராறில் அப்பாவும் அவரும் பேச்சை விட்டு ஆறு வருடம். ஏசுவதோடு சரி.

வழியில் பஸ் பழுதாகி, நான் வந்து சேர்ந்தபோது அலுவலக ஜீப் வாசலில் நின்றது. பையைத் தெருவோரக் காஞ்சொறிப் புதருக்குள் எறிந்தேன். வேலியில் சாய்ந்திருந்த புல்வாரியைத் தோளில் போட்டுக்கொண்டு, மேட்டில் புல் வாரிவிட்டு இறங்கி வருகிறவன் மாதிரி உள்ளே நுழைந்தேன்.

கறுப்பாக ஒரு நாய் பாய்ந்து வந்தது. சங்கிலி மட்டும் இல்லையென்றால் தொடையைக் கவ்வியிருக்கும்.

வேலிக்கு அப்பாலிருந்து சித்தப்பா கத்தினார். "பாத்தீங்களாம்மா? வீட்டு நாய்க்கே எசமானைத் தெரியல! இவன்தான் தினம் மாடு கறக்கறானாம்!"

அப்பாவோடு முற்றத்தில் நின்ற அதிகாரியம்மா ஃபைலிலிருந்து தலையை உயர்த்தினார். "ஏன் தம்பி உங்களைப் பாத்து இப்படிக் குலைக்குது?"

"வெயில் மேடம். மூளை சூடாயிருக்கும்."

"பேரு என்ன?"

"தினு."

"உங்க பேரு ஃபைல்ல இருக்கு. நாய் பேரைக் கேட்டேன்."

நான் போகும்போது இருந்தது உர்சு, செம்பட்டை நிறம். இது வேறு நாய். அப்பா வாயைத் திறந்தார்.

"நீங்க பேசாதீங்க பெரியவரே. அவர் சொல்லட்டும்."

"சொல்லுடா இத்தாலிக்காரா!" சித்தப்பா வேலியைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "முழிக்கறான் பாருங்கம்மா, திருடன் முழி!"

அப்பாவின் கழுத்து சிவந்தது. "கவ்ரிலா! வாயை மூடு! உக்காரு!"

சித்தப்பா வாயை மூடவில்லை. நாய் மூடியது. உட்கார்ந்தும் விட்டது.

எனக்குப் புரிய ஒரு நொடி பிடித்தது.

"கவ்ரிலா, மேடம்," என்றேன். "நாய் பேரு. டேய் கவ்ரிலா, இங்க வா."

சங்கிலி எட்டும் இடத்துக்கு ஓரடி வைத்தேன். அது வந்து என் ஷூவை முகர்ந்தது. வாலை அரை மனதோடு ஒருமுறை ஆட்டியது.

சித்தப்பாவின் சிரிப்பு நின்றது. அப்பாவைப் பார்த்தார். "சிமியோன்... எம் பேரையாடா நாய்க்கு வச்சிருக்கே?"

"வேற யாருக்குப் பொருந்தும்? ரெண்டு பேருக்கும் வேலியோரம் நின்னு குலைக்கறதுதானே தொழில்!"

"நீ சாகும்போது ஒரு மெழுகுவத்தி ஏத்த மாட்டேன்டா!"

"ஏத்தாதே! அதையும் கோயில்லேர்ந்து திருடிட்டு வந்திருப்பே!"

"ரெண்டு பேரும் நிறுத்துங்க." அதிகாரியம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு மாடுகளின் காதிலிருந்த அட்டை எண்களைச் சரிபார்த்தார். பிறகு ஜீப்பின் முகப்பில் தாளை வைத்து எழுதினார். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

"நீங்க இங்கயேதான் இருக்கீங்கன்னு எழுதியிருக்கேன் தம்பி. இந்தாங்க, உங்க நகல்."

சிரித்தபடி கையை நீட்டினேன். தாளைப் பிடித்தேன்.

"கிராட்சியே," என்றேன்.

நன்றி என்றுதான் சொல்ல நினைத்தேன். மூன்று வருடமாகக் காபிக் கடையிலும் தொழிற்சாலை வாசலிலும் சொல்லிப் பழகிய இத்தாலிய நன்றி வந்துவிட்டது.

தாளின் மறுமுனையை அவர் விடவில்லை. என் முகத்தைப் பார்த்தார். மெதுவாக அதை என் விரல்களிலிருந்து உருவிக்கொண்டு, பேனா மூடியை மறுபடி திறந்தார்.

வேலியோரம் சித்தப்பா நிதானமாகக் காறித் துப்பினார்.

"இப்பக் குலைங்கடா, அப்பனும் புள்ளையும்."