முக்கோணத்தைத் தொட்ட கை

அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்து அன்றோடு இருபத்திரண்டு நாள். வலப்பக்கம் முழுசாக விழுந்துவிட்டது. பேச்சு அடியோடு நின்றுபோனது. மிச்சமிருந்த இடக்கையும் நடுங்கியது. லாரி ஓட்டிய கை அது.

தங்கையை வீட்டில் எல்லோரும் சிட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். இணையப் பக்கங்களுக்கு வரைபட நிரல் எழுதுவது அவள் தொழில். கைவசம் இருந்த, திரையில் படம் வரையும் 'கேன்வாஸ்' நிரல் தொகுப்பை வைத்து ஒரே நாளில் அண்ணனுக்கு ஒரு பலகை செய்துவிட்டாள். டேப்லெட் திரையில் வரிசையாக நான்கு வடிவங்கள். வட்டத்தைத் தொட்டால் 'தண்ணி', முக்கோணம் 'வலிக்குது', சதுரம் 'பாத்ரூம்', நட்சத்திரம் 'யாராவது வாங்க' என்று அது குரல் கொடுக்கும்.

பலகை வந்த நாளிலிருந்து அண்ணன் கேட்டதெல்லாம் தண்ணிதான்.

அண்ணி ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினாள். அவர் வாயை இறுக மூடிக்கொள்வார், இல்லையென்றால் துப்புவார். மறுநிமிடமே கை இழுத்துக்கொண்டு போய்த் திரையில் விழும். 'தண்ணி.' இரண்டு நாளில் அண்ணிக்குப் பொறுமை போய்விட்டது. "கேக்குறதும் நீங்கதான், துப்புறதும் நீங்கதான். நான் என்னதாங்க செய்யிறது?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மதியம் பேச்சுப் பயிற்சி தருகிற அம்மாள் சிட்டுவை வராந்தாவுக்கு அழைத்தார்.

"முக்கோணத்தைத் தொடுங்கன்னா வட்டம் பேசுது. சதுரம்னா முக்கோணம். வட்டம் ஒண்ணுதான் சரியா வருது, அதுவும் குருட்டாம்போக்குதான். நாம பேசுறது அவருக்குப் புரியலைம்மா. நாளைக்குக் காலைல ரிப்போர்ட் எழுதியாகணும்."

"எழுதினா?"

"பயிற்சியை நிறுத்திடுவாங்க. பராமரிப்பு இல்லத்துக்குத்தான் அனுப்புவாங்க."

அங்கே போனவர் திரும்பி எழுந்து வருவாரா? அண்ணியிடம் இதை எந்த வாயால் சொல்வது? சிட்டு டேப்லெட்டை எடுத்துக்கொண்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். வடிவங்களைப் பெரிதாக்கினாள், நிறத்தை மாற்றினாள், தொடு எல்லையை அகலமாக்கினாள். எதைச் செய்தும் என்ன, புரியாத மனுஷனுக்குப் பெரிய முக்கோணம் மட்டும் புரிந்துவிடுமா? கண்ணீர் திரையில் சொட்டியது. துடைத்துவிட்டு, கடைசியாக ஒன்று செய்து பார்த்தாள். கை படுகிற இடத்திலெல்லாம் ஒரு கறுப்புப் புள்ளி விழும்படி நாலு வரி சேர்த்தாள். அண்ணன் கை எங்கேதான் போகிறது என்றாவது தெரியட்டும்.

சோதிக்கத் தன் விரலையே முக்கோணத்தில் வைத்தாள். புள்ளி வட்டத்துக்குள் விழுந்தது. 'தண்ணி' என்றது பலகை.

சதுரத்தைத் தொட்டாள். 'வலிக்குது.'

நட்சத்திரத்தைத் தொட்டாள். 'பாத்ரூம்.' டேப்லெட்டுக்குள் அடங்கட்டும் என்று முதல் நாள் அவசரத்தில் படத்தை மட்டும் சுருக்கியிருந்தாள். விரல் பட்ட இடத்தைக் கணக்கிடும் அளவைச் சுருக்கவில்லை. அதனால் எதைத் தொட்டாலும் அதற்கு இடப்பக்கத்து வடிவம் பேசியது. வட்டத்துக்கு இடப்பக்கம் எதுவும் இல்லாததால் அது மட்டும் தப்பித்தது. அதை மட்டும்தான் டேப்லெட்டில் அவள் தொட்டுப் பார்த்திருந்தாள். அண்ணனின் மடங்கிய கை பாதித் திரையை மறைத்ததில், யாரும் விரலைப் பார்க்கவில்லை, குரலைத்தான் கேட்டார்கள்.

அப்படியானால் அண்ணன் இரண்டு நாளாகச் சொன்னது தண்ணி இல்லை.

அளவைத் திருத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். பலகையை நீட்டியதுதான் தாமதம், நடுங்கும் கை வந்து விழுந்தது. 'வலிக்குது. வலிக்குது. வலிக்குது.'

அண்ணி கையிலிருந்த டம்ளர் நழுவியது. "ஐயோ, எங்கேங்க வலிக்குது?"

"ரெண்டு நிமிஷம் இருங்க அண்ணி." சிட்டு அங்கேயே நின்றபடி தலைக்கு ஒரு வட்டம், உடம்புக்கு ஒரு செவ்வகம், கைகால்களுக்கு நாலு நீளக் கட்டம் என்று ஒரு பொம்மை மனுஷனை வரைந்தாள். அண்ணன் கை தடுமாறி, வலது காலின் அடியில் போய் நின்றது.

பாதம் தொங்காமலிருக்க மாட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டையை நர்ஸ் கழற்றினார். குதிகால் சதை பிய்ந்து பச்சைப் புண்ணாக இருந்தது.

"வலிக்குதுன்னு கதறின மனுஷனுக்கு நான் தண்ணியை ஊத்திக்கிட்டு இருந்தேனே!" அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பயிற்சி அம்மாள் கட்டில் பக்கத்தில் குனிந்து நின்று, அவர் விரலையே பார்த்தபடி மறுபடி எல்லாவற்றையும் கேட்டார். பத்துக்கு ஒன்பது சரி. ரிப்போர்ட்டில் 'நன்றாகப் புரிகிறது, பயிற்சி தொடரட்டும்' என்று எழுதினார். பேச்சு வருமா என்பதற்கு மட்டும் அவரும் உறுதி சொல்லவில்லை.

புண்ணுக்குக் கட்டுப் போட்டு முடித்ததும் சிட்டு அண்ணன் காதருகே உட்கார்ந்தாள். "தப்பு உன்மேல இல்லைண்ணா. நான்தான் சரியாப் பார்க்காம விட்டுட்டேன்" என்று தொடங்கினாள். அவர் கேட்டாரா என்று தெரியவில்லை. மூன்று நாளுக்குப் பிறகு அப்போதுதான் கண் அயர்ந்திருந்தார்.